கடலோரத்துல டிஷ்ஷா கேபிளா? ரெண்டையும் வச்சுப் பாத்துட்டேன்

ஊரு ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம், வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். 2024 ஆகஸ்ட்ல கேபிள தூக்கிட்டு டிஷ் போட்டேன், காரணம் ஒண்ணே ஒண்ணுதான், கிரிக்கெட் ஹெச்டில பாக்கணும். கம்பெனி பேரு வேணாம், எல்லா டிஷ்ஷும் கிட்டத்தட்ட ஒரே கததான்.

படம் சூப்பர், அதுல பொய் சொல்லக்கூடாது. கேபிள்ல அன்னிக்கு இருந்த பழைய பாக்ஸ்ல மூஞ்சியெல்லாம் அரிசி மாவு தடவுன மாதிரி இருக்கும், டிஷ்ல புல்லு புல்லா தெரியுது. ரீசார்ஜும் நம்ம கையில, ஊருக்குப் போனா போடாம விட்டுரலாம், எவனும் வாசல்ல வந்து நிக்க மாட்டான்.

மூணாவது நாளு அம்மா கேட்டுச்சு, "ஏப்பா நம்மூரு சேனல எங்க?" நானும் லிஸ்ட்ட மேலயும் கீழயும் தேடிட்டு கஸ்டமர் கேருக்குப் போன் அடிச்சேன், அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையாதான் பேசுச்சு, "சார் சேனல் ஸ்பெல்லிங் சொல்லுங்க"ன்னு ரெண்டு தடவ கேட்டுட்டு அப்படி ஒரு சேனலே எங்ககிட்ட இல்லைங்க சார்னு முடிச்சிருச்சு. தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல. லோக்கல் சேனல்ங்கிறது கேபிள்காரங்க அவங்க கன்ட்ரோல் ரூம்ல இருந்தே வயர்ல ஏத்தி விடுறது, ஆகாசத்துக்கே போறதில்ல. டிஷ்ல வரணும்னா மேல சேட்டிலைட்ல எடம் வாங்கணும், அது ஒட்டுமொத்த நாட்டுக்கும் சேத்து எறங்குற சிக்னல், ஆடித்தள்ளுபடி விளம்பரமும் கண்ணீர் அஞ்சலி போட்டாவும் ஓட்டுற சேனலுக்கு அந்தக் காசு எங்கிட்டு இருந்து வரும்? தூர்தர்ஷன் மட்டும் சட்டப்படி கேபிளுக்காரங்களும் காட்டியே ஆகணும், அதனால டிடி தமிழ் (நம்ம பழைய பொதிகைதான், 2024 ஜனவரில பேர மாத்துனாங்க) ரெண்டுலயும் வருது.

அந்தச் சேனல்ல அப்படி என்ன இருக்குன்னு நானும் நக்கலாதான் கேட்டேன். படம் இழுத்து வச்ச மாதிரி இருக்கும், எல்லாருக்கும் கன்னம் வீங்கிருக்கும், பொறந்தநாள் வாழ்த்துல பாதி எழுத்துப்பிழை. ஆனா அடியில ஓடுற வரி இருக்கு பாருங்க, "பாம்பன் துறைமுகத்தில் 3ம் எண் கூண்டு, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம், நாளை டோக்கன் இல்லை" அப்டின்னு போகும் (கூண்டுன்னா புயல் எச்சரிக்கை, டோக்கன்னா படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை குடுக்கற அனுமதிச் சீட்டு). பெரிய நியூஸ் சேனல்ல "ராமநாதபுரம் மாவட்டத்தில் கனமழைக்கு வாய்ப்பு"ன்னு சொல்லிட்டு அடுத்து சென்னை டிராபிக்குக்குப் போயிருவான். எனக்கு வாட்ஸ்அப்புல வந்துரும், எங்க அப்பா கையில இருக்கறது பட்டன் போனு, அவருக்கு அந்த ஒரு வரிதான். ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு திருவிழான்னாலும் அதுலதான் விடிய விடிய ஓடும்.

மழைக்கு வருவோம். டிஷ்ஷு இங்கிட்டு தென்கிழக்கா கடலப் பாத்துதான் திரும்பி நிக்கும், ஐப்பசி கார்த்திகைல மேகம் கருக்குனதுமே படம் கட்டம் கட்டமா ஒடஞ்சு அப்புறம் சிக்னல் இல்லைன்னு நீலமா நின்னுரும், சரியா புயல் நியூஸ் பாக்க வேண்டிய நேரத்துல. அந்த வருஷம் நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்துல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அத நான் கணக்குல சேக்கல, அன்னிக்கு கரண்டே இல்ல, எது இருந்தும் ஒண்ணுதான். சாதாரண மழைக்கே அரை மணி நேரம் அவுட்டு.

கேபிளும் யோக்கியம்னு சொல்லிற முடியாது. நம்ம வீட்ல இன்வெர்ட்டர் ஓடும், தெருமுக்கு கம்பத்துல இருக்கற பெட்டிக்குக் கரண்ட் போயிருக்கும், டிவி சும்மா நிக்கும். ரோடு தோண்டுனாங்கன்னா வயரு அறுந்து ரெண்டு நாளு. கேபிள்கார அண்ணே போன் எடுக்க மாட்டாரு, ஆனா டீக்கடைல நின்னா கண்டிப்பா சிக்குவாரு, டிஷ்காரன எந்த டீக்கடைல போய் புடிக்கறது?

உப்புக்காத்து வேற. எட்டாவது மாசம் போல்ட்டெல்லாம் துரு புடிச்சு, வயரு சேர்ற எடம் பச்சப்பசேல்னு பூத்துப் போச்சு. வந்த டெக்னீசியன் தம்பி வெட்டி புதுசா மாட்டிட்டு, கிரீஸ் தடவி டேப்பு சுத்துங்கண்ணே, இங்கிட்டு எல்லா வீட்லயும் இதான்னுட்டு போயிருச்சு. டிஷ் போடறவங்க இத மொத நாளே பண்ணிருங்க.

மச்சான் வீட்ல மாசக் காசே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ், பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் ஒரு தடவ குடுத்ததோட சரி, தமிழ் சேனல்னு தேடுனா கம்மிதான். எப்பவாச்சும் டிவி பாக்கறவங்களுக்கு அது போதும், சீரியல் பாக்கறவங்க இருக்கற வீட்டுக்கு ஆகாது.

ஒரு காலத்துல மூங்கில்ல ஆன்டெனா கட்டி எலங்கப் பக்கம் திருப்புனா ரூபவாஹினி காசில்லாம வந்துரும், 82ல ஆரம்பிச்ச சேனல், சிங்களம் புரியுதோ இல்லையோ தெருவே உக்காந்து பாத்துருக்கு. அப்பறம்தான் ராமேஸ்வரத்துல தூர்தர்ஷனோட 323 மீட்டர் டவரே வந்துச்சு. இப்ப அந்தக் கம்பியெல்லாம் துணி காயப்போட கொடி கட்டத்தான் ஆகுது.

டிஷ்ஷுக்கு 5க்கு 3 குடுப்பேன். அம்மா மொகத்த தூக்கி வச்சுக்கிட்டது எப்பன்னா ஆருத்ராவுக்கு மொத நாளு, உத்தரகோசமங்கைல மரகத நடராஜருக்கு வருஷத்துல ஒரு தடவதான் சந்தனம் களைவாங்க, பக்கத்து வீட்ல கேபிள்ல கோயில் கூட்டத்த நேரலைல காட்டிக்கிட்டு இருக்கான், எங்க வீட்ல ஹெச்டில ஏதோ சமையல் போட்டி. மறு வாரமே கேபிள்கார அண்ணன டீக்கடைல புடிச்சு திரும்ப இழுத்துட்டேன், அவரு சிரிச்சுக்கிட்டே "வருவியன்னு தெரியும்"னாரு.

இப்ப ரெண்டும் ஓடுது, ரெண்டு பில்லு. ரிமோட்டு ரெண்டும் ஒரே கருப்பு, அம்மா கேபிள் ரிமோட்டுல மட்டும் செவப்பு ரப்பர் பேண்டு சுத்தி வச்சிருக்கு, அத யாரும் தொடக்கூடாது.