சின்ன கரண்ட் கம்பெனியை நம்பலாமா? பிரிட்டனில் என் அனுபவம்

பிரிட்டனில் வீட்டுக்குக் கரண்டும் கேஸும் வாங்கச் சின்ன கம்பெனியிடம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். தாராளமாகப் போங்கள், ஆனால் உங்கள் பணத்தை அங்கே சேர விடாதீர்கள். 2018-இலிருந்து இரண்டு சின்ன கம்பெனிகளிடம் இருந்திருக்கிறேன். நடுவில் கொஞ்ச காலம், என்னைக் கேட்காமலேயே, ஒரு பெரிய கம்பெனியின் வாடிக்கையாளராகவும் ஆக்கப்பட்டேன்.

"கம்பெனி மூடிட்டா வீட்டுல கரண்ட் போயிடுமா அண்ணா?" என்று தெரிந்த தம்பி ஒருவர் கேட்டார். போகாது. கம்பிகளும் குழாய்களும் அந்தந்தப் பகுதியின் நெட்வொர்க் நிறுவனங்களுடையவை. நாம் மாற்றுவது பில் போடுகிறவரை மட்டும்தான். கரண்ட் கட் ஆனால் கூப்பிட வேண்டிய 105 என்ற எண்ணும் நெட்வொர்க்காரருடையதுதான், பில் அனுப்புகிறவருக்கு அதில் வேலை இல்லை. ஆகவே சின்ன கம்பெனி, பெரிய கம்பெனி என்று பேசும்போது நாம் ஒப்பிடுவது விலை, பில், போனை எடுக்கும் ஆள் ஆகியவற்றைத்தான்.

நான் மாறிய சமயத்தில் சந்தை 'பிக் சிக்ஸ்' என்று சொல்லப்பட்ட ஆறு பெரிய கம்பெனிகளின் கையில்தான் பெரும்பாலும் இருந்தது. எந்தத் திட்டத்தையும் தேர்ந்தெடுக்காமல் அப்படியே கிடக்கும் வாடிக்கையாளர்களிடம் அதிக விலை வாங்குகிறார்கள் என்று சொல்லித்தான் 2019 ஜனவரியில் கரண்ட், கேஸ் துறையைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்ஜெம் விலை உச்சவரம்பைக் கொண்டுவந்தது. அந்த வரம்புக்கும் கீழே ஃபிக்ஸ்ட் விலை, அதாவது ஒப்பந்தம் முடியும்வரை மாறாத விலை, கொடுத்தவர்களில் பலர் சின்ன கம்பெனிகள். என் முதல் கம்பெனி அப்படி ஒன்று. விலை குறைவு என்பதைவிட எனக்குப் பிடித்தது போன். மெஷின் சொல்லும் பட்டியலைக் கேட்டு எண்களை அழுத்த வேண்டியதில்லை, நேராக ஒரு ஆள் எடுப்பார், என் மீட்டர் ரீடிங்கைப் பார்த்துக்கொண்டே பேசுவார். யூனிட் ரேட் எவ்வளவு, ஸ்டாண்டிங் சார்ஜ் என்ற தினசரி நிலைக் கட்டணம் எவ்வளவு என்று பில்லும் ஒரே பக்கத்தில் தெளிவாக இருக்கும்.

இனி டைரக்ட் டெபிட், அதாவது நம் வங்கிக் கணக்கிலிருந்து கம்பெனியே பணத்தை எடுத்துக்கொள்ளும் முறை. இதைத்தான் எல்லோரும் கவனிக்காமல் விடுகிறார்கள். வருஷச் செலவைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டு மாதா மாதம் ஒரே தொகையை எடுப்பார்கள். கோடையில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் அவ்வளவாக ஓடாது, பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். செப்டம்பர் வாக்கில் கணக்கில் நல்ல தொகை சேர்ந்திருக்கும். குளிர்காலத்தில் அது கரைந்துவிட வேண்டும், கணக்கு அப்படித்தான். ஆனால் சில கம்பெனிகள் அந்தச் சேமிப்பையே வட்டியில்லாக் கடனாக வைத்துத் தொழில் நடத்தின. ஆஃப்ஜெம் பின்னால் கண்டித்த விஷயங்களில் இதுவும் உண்டு. 2021-இல் என் உபயோகம் அதிகரிக்கவே இல்லை, ஆனால் மாதத் தொகையை உயர்த்துவதாக மெயில் வந்தது. ரீடிங்கை அனுப்பி, போன வருஷக் கணக்கையும் காட்டி, பழைய தொகையே போதும் என்று எழுதினேன். ஒத்துக்கொண்டார்கள். உபரியைத் திருப்பிக் கேட்டேன், அதுவும் வந்தது. அப்போதே எனக்கு லேசாகச் சந்தேகம்தான்.

அந்த வருஷம் மொத்தச் சந்தையில் கேஸ் விலை எகிறியது. முன்கூட்டியே வாங்கி வைக்காத கம்பெனிகள் அன்றன்றைய விலைக்கு வாங்க வேண்டியிருந்தது, விற்கும் விலைக்கோ உச்சவரம்பும் ஃபிக்ஸ்ட் ஒப்பந்தங்களும் பூட்டு போட்டிருந்தன. 2021-இல் மட்டும் 25-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் மூடின. என்னுடையதும் அதில் ஒன்று. அப்படி விழுந்த இன்னொரு கம்பெனியான 'பல்ப்' கொஞ்சம் பெரியது, சுமார் 15 லட்சம் வாடிக்கையாளர்கள். அதை வேறொருவர் தலையில் கட்ட முடியாமல் அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தின் கீழ் நடத்தினார்கள், கடைசியில் ஆக்டோபஸ் என்ற இன்னொரு கம்பெனி வாங்கியது.

மூடிய பிறகு நடந்தது பெரும்பாலும் காகித வேலைதான். செய்தி வந்த அன்றே இரண்டு மீட்டர்களையும் போட்டோ எடுத்தேன், பழைய பில்களை டவுன்லோட் செய்துகொண்டேன். அவசரப்பட்டு வேறு கம்பெனிக்கு மாறாமல் காத்திருக்க ஆஃப்ஜெம் சொன்னது, காத்திருந்தேன். ஆஃப்ஜெம் நியமித்த பெரிய கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. கணக்கில் மிச்சமிருந்த பணம் பத்திரமாக அங்கே போய்ச் சேர்ந்தது. போனது ஃபிக்ஸ்ட் விலை, அதற்குப் பாதுகாப்பு கிடையாது. இந்த மாற்றங்களுக்கான செலவு எல்லோருடைய பில்லிலும் ஏறியது. ஒரு வீட்டுக்குச் சுமார் 94 பவுண்ட் என்று 2022-இல் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்குச் சொன்னது. சின்ன கம்பெனிப் பக்கமே போகாதவர்களும் கொடுத்தார்கள். அவர்கள் கோபப்பட்டால் நியாயம்தான்.

பெரிய கம்பெனி வந்ததும் நிம்மதி என்று நினைத்தால், அங்கேதான் எனக்கு உண்மையான தலைவலி. முதல் கேஸ் பில் வழக்கத்தைப்போல் மூன்று மடங்கு. விலை ஏறிய காலம் என்பதால் பலர் அப்படியே கட்டியிருப்பார்கள். பில்லின் பின்பக்கத்தைப் பார்த்தால் விஷயம் புரிந்தது. கேஸ் மீட்டர் கன மீட்டரில் ஓடினால், வந்த எண்ணை 1.02264-ஆல் பெருக்கி, கேஸின் வெப்ப மதிப்பால் பெருக்கி (39-ஐ ஒட்டி இருக்கும்), 3.6-ஆல் வகுக்க வேண்டும். ஒரு கன மீட்டருக்குச் சுமார் 11 கிலோவாட் மணி வரும். பழைய மீட்டர்கள் நூறு கன அடிக் கணக்கில் ஓடுபவை, அவற்றுக்கு இன்னொரு 2.83-ஆல் பெருக்க வேண்டும். என் மீட்டரின் முகப்பில் கன மீட்டர் என்று அச்சடித்திருக்கிறது, அவர்களோ என்னைக் கன அடிக்காரனாகப் பதிந்திருந்தார்கள். போட்டோவோடு புகார் கொடுத்தும், ஒவ்வொரு முறையும் புதிய ஆள், முதலிலிருந்து கதை. 8 வாரத்தில் தீராவிட்டால் புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம் என்ற விதியைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் வேகம் வந்தது. திருத்திய பில் வந்தது, மன்னிப்புக் கடிதத்தில் என் பெயர் தப்பு.

2022 முழுக்க மாறுவதற்கு அர்த்தமே இல்லை. அக்டோபர் உச்சவரம்பு சராசரி வீட்டுக்கு வருஷம் 3,549 பவுண்ட் என்று போய், அரசு தலையிட்டு 2,500-இல் நிறுத்திய காலம் அது. ஃபிக்ஸ்ட் திட்டங்கள் திரும்ப வரத் தொடங்கியதும் மறுபடி ஒரு சின்ன கம்பெனிக்கே போனேன்.

இந்த முறை விலைக்கு முன்னால் வேறு சிலவற்றைப் பார்த்தேன். மற்ற எல்லோரையும்விட ரொம்பக் குறைந்த விலை என்றால் விலகினேன். மாதம் கட்டும் தொகையை நாமே மாற்ற முடியுமா, உண்மையில் செலவான அளவுக்கு மட்டும் கட்டும் வழி உண்டா என்று சேரும் முன்பே கேட்டேன். ரீடிங்கைத் தானே கம்பெனிக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் பற்றியும் கேட்டேன். முதல் தலைமுறை மீட்டர்கள் பல, கம்பெனி மாறியதும் ஊமையாகி, பழையபடி கையால் ரீடிங் எடுக்க வைத்தன. '100 சதவீதம் பசுமை' என்ற விளம்பர வாசகத்துக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. சான்றிதழ் வாங்கி ஒட்டினாலே அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் வரும் அதே கரண்ட்தான்.

வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் (வருமானம் குறைந்த வீடுகளுக்குப் பில்லில் கிடைக்கும் தள்ளுபடி) வாங்குகிறவர்கள் மட்டும் கூடுதலாக விசாரித்துவிட்டுச் சேருங்கள். ஒரு காலத்தில் இரண்டரை லட்சம் வாடிக்கையாளர்களுக்குக் கீழே உள்ள கம்பெனிகள் அதைக் கொடுக்க வேண்டியதே இல்லை. வரம்பு இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது, இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போதைய கம்பெனி பற்றிக் குறை என்று சொன்னால், ஆப் மந்தம், வார இறுதியில் போன் கிடையாது. பில் இதுவரை ஒழுங்கு. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ரீடிங் அனுப்பிவிடுகிறேன், கணக்கில் ஒரு மாதப் பில்லுக்கு மேல் சேர்ந்தால் திருப்பிக் கேட்கிறேன். ஒப்பந்தம் முடிய 49 நாள் இருக்கும்போதே வெளியேறும் கட்டணம் இல்லாமல் விலகலாம் என்பதால் அந்தத் தேதியை காலண்டரில் குறித்திருக்கிறேன். அன்றைக்கு வேறு விலைகளைப் பார்ப்பேன். வித்தியாசம் சில பவுண்ட்தான் என்றால் இங்கேயே இருந்துவிடுவேன்.