ஊழியர்களே முதலாளிகள்: கோத்தகிரி வீடும் ஒரு தடுப்புச் சுவரும்

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் குன்னூர் பக்கம் வீடு வாங்கியிருக்கிறார். "உன் கோத்தகிரி வீட்டைப் பார்த்துக்கிறாங்களே, அந்தக் கம்பெனிகிட்டயே நானும் கொடுக்கலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. தடுப்புச் சுவர் பில் வேறு போன வாரம்தான் வந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன், அதற்குத் தகுந்தமாதிரி கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். வீடு, நிலம் வாங்கி விற்றுத் தருவார்கள். வெளியூர்க்காரர்களின் வீட்டை மாதக் கட்டணத்துக்குப் பராமரிப்பார்கள், வாடகைக்கு ஆள் பிடித்துத் தருவார்கள். இதெல்லாம் மலையில் பலரும் செய்கிற தொழில்தான். இங்கே விசேஷம் என்னவென்றால், கம்பெனி முழுக்க அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கே சொந்தம். கணக்கு எழுதும் அக்கா, சைட் பார்க்கும் தம்பி, ஜீப் ஓட்டும் அண்ணன் எல்லாரும் பங்குதாரர்கள்.

ஆபீஸுக்குள் நுழைந்ததும் ஃப்ரேம் போட்ட ஒரு தாள் தெரியும். கம்பெனி வரலாறு. பழைய முதலாளி எஸ்டேட் பங்களாக்களுக்கு வாடகை வசூலித்துக் கொடுக்க ஆரம்பித்து, அப்படியே நிலத் தரகுக்கு வந்தவர். பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்டார்கள். கீழே இருந்து ஒரு பெரிய பில்டர் மொத்தமாக விலை பேசினாராம். இவர் தன் ஆட்களுக்கே விற்றார். அவர்களிடம் ஏது பணம்? ஒரு டிரஸ்ட் வைத்து, வருடா வருடம் லாபத்தில் ஒரு பங்கை அதில் போட்டு, அந்தப் பணத்தில் முதலாளியின் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக டிரஸ்ட் வாங்கிக்கொண்டது. முதலாளிக்கும் ஓய்வுக்காலத்துக்குப் பணம் வந்தது, கம்பெனியும் கைமாறியது. அமெரிக்காவில் லூயி கெல்சோ என்ற வழக்கறிஞர் 1956-இல் ஒரு பத்திரிகை நிறுவனத்தை இப்படித்தான் டிரஸ்ட் மூலமாக ஊழியர்கள் கைக்கு மாற்றிக் காட்டினார். நம் ஊர் 2013 கம்பெனிச் சட்டத்தின் 67-ஆம் பிரிவிலும் ஊழியர்களுக்கான டிரஸ்ட் பங்கு வாங்கக் கம்பெனியே பணம் தருவதற்கு வழி இருக்கிறது.

அதே தாளில் லண்டன் ஜான் லூயிஸ் கடையைப் பற்றியும் ஒரு பத்தி உண்டு. 1929-இல் அந்தக் குடும்பத்து மகன் கடையை ஊழியர்களுக்கான டிரஸ்டில் வைத்த கதை. அதற்குக் கீழே இவர்களுடைய கொள்கைகள்: தெளிவில்லாத பத்திரத்தைத் தொட மாட்டோம், இரண்டு பக்கமும் கமிஷன் வாங்க மாட்டோம், கணக்கை மறைக்க மாட்டோம். லண்டன் ஜவுளிக்கடை வரைக்கும் போன தாளில், ராத்திரி மழையில் மண் சரிந்தால் யாருக்குப் போன் போடுவது என்று ஒரு நம்பர் கிடையாது.

சரி, முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் முதலில் ஆசைப்பட்ட இடம் இப்போது இருக்கும் வீடே இல்லை. கோடநாடு போகிற வழியில் ஒரு சரிவு, கீழே சமவெளி விரிந்து கிடக்கும். வேறொரு தரகர் மூன்று மாடிக்குப் படம் போட்டே காட்டிவிட்டார். இந்தக் கம்பெனித் தம்பி கூட வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வேண்டாம் சார்" என்றார். அப்போதைய மலைப்பகுதி விதிப்படி கட்டட உயரம் 7 மீட்டர்தான், மூன்று மாடி படத்தில் மட்டும்தான் நிற்கும் என்றார். 1990-இல் அமைத்த மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின், அதாவது எல்லாரும் சொல்கிற ஹாகாவின், அனுமதி வேண்டிய கிராமமா என்று தரகரைக் கேட்டார். அவரிடம் பதில் இல்லை. 500 சதுர மீட்டருக்குள் இருந்தால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படியான பதிவு தேவையில்லை என்ற விலக்குக்குள் அடங்குகிற மாதிரி அளந்து துண்டு போட்டிருக்கிறார்கள் என்றும் காட்டினார். அப்புறம் குனிந்து, சரிவின் நடுவில் புல் மட்டும் கொழுகொழுவென்று பச்சையாக இருந்த ஒரு திட்டைக் காலால் அமுக்கினார். பள்ளம் விழுந்து அதில் தண்ணீர் ஊறியது. "இது ஊத்து சார். இது மேல வீடு கட்டினா நீங்க தூங்க மாட்டீங்க."

அந்த இடத்தை நான் வாங்கியிருந்தால் அவர்களுக்கும் தரகுத் தொகையில் ஒரு பங்கு வந்திருக்கும். தம்பிக்கு அதனால் லாபமும் இல்லை, வாங்காமல் போனதால் நஷ்டமும் இல்லை. அங்கே யாருக்கும் விற்றதற்கு இவ்வளவு என்று கமிஷன் கிடையாது. மாதச் சம்பளம், வருடக் கடைசியில் லாபத்தில் பங்கு, அவ்வளவுதான். மலையில் நிலம் வாங்கப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், புலப்படம் எல்லாவற்றையும் அவர்களே அலசிவிட்டுத்தான் இப்போதைய வீட்டைக் காட்டினார்கள். கூடலூர் ஜென்ம நிலம் என்றால் பேச்சையே எடுக்க மாட்டார்கள். 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் மாட்டி, உரிமை தீராமல் கிடக்கிற நிலத்தை விற்று யாருடைய சாபத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டாம் என்பது அவர்கள் வாதம்.

இன்னொன்று, ஆள் மாறுவதில்லை. அன்று ஊற்றைக் காட்டிய தம்பியே இன்றும் போன் எடுக்கிறார். வீட்டு மெயின் ஸ்விட்ச் எங்கே, தண்ணீர் வால்வு எந்தப் பக்கம் திரும்பும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இனி சுவர்.

வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டிய இடத்தில் கருங்கல் தடுப்புச் சுவர். முன்பிருந்த உரிமையாளர் கட்டியது. கோத்தகிரிக்கு ஆடி மழை பெரிதாக இல்லை, தொட்டபெட்டா மறைத்துக்கொள்ளும். இங்கே பயப்பட வேண்டியது ஐப்பசி, கார்த்திகைக்கு. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அதனால்தான் பராமரிப்புப் பட்டியலில் "தடுப்புச் சுவர் வடிகால் பைப் சுத்தம்" என்று தனியாக ஒரு வரி போடச் சொன்னேன். மாதா மாதம் அறிக்கை வரும். அந்த வரிக்கு நேராக மாதா மாதம் ஒரு டிக் இருக்கும்.

போன அக்டோபரில், வாடகைக்கு இருக்கும் டீச்சர் ஒரு படம் அனுப்பினார். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. மறுநாளே தம்பி போய்ப் பார்த்து, உடனே செய்ய வேண்டும் என்று எழுதியும் கொடுத்துவிட்டார். அங்கேதான் சிக்கல். ஒரு தொகைக்கு மேல் செலவு என்றால் ஊழியர் கூட்டத்தில் வைக்க வேண்டும். கூட்டம் மாதத்தின் முதல் சனிக்கிழமை. அந்த மாதச் சனிக்கிழமை தாண்டியிருந்தது. இடையில் தீபாவளி.

நான் ஆபீஸுக்குப் போன் போட்டேன். கணக்கு அக்கா எடுத்தார்.

"மேனேஜர்கிட்ட கொடுங்கம்மா."

"அவரும் என்னை மாதிரிதான் சார். சொல்லுங்க."

"உங்களுக்கு மேல யாரும்மா இருக்காங்க?"

"மேலன்னு யாரும் இல்லை சார். நாங்க எல்லாரும் ஓனர்தான்."

எனக்கு அந்த நிமிடம் ஒரு சாதாரண, கெட்ட, கத்தினால் பயப்படுகிற முதலாளி வேண்டியிருந்தது. தனி முதலாளி இருக்கிற கம்பெனியில் அவருடைய பெண்டாட்டியிடமாவது சிபாரிசுக்குப் போகலாம்.

தீபாவளி வாரத்து மழையில் சுவரில் பாதி உட்கார்ந்துவிட்டது. சமையலறைப் பின்கதவு வரை சேறு. நல்லவேளை, டீச்சருக்கு ஒன்றும் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது மேஸ்திரி மிச்சச் சுவரைச் சோதித்துக்கொண்டிருந்தார். வரிசையாக இரண்டு அங்குல பிவிசி பைப் துண்டுகள், எல்லாவற்றின் வாயையும் செம்மண்ணும் பாசியும் அடைத்திருந்தன. ஒன்றில் ஒரு சாண் உயரத்துக்குப் பெரணிச் செடி. ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்தினார். டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து, நெடுநேரம் நிற்காமல் கொட்டியது. சுவருக்குப் பின்னால் இவ்வளவு தண்ணீரும் தேங்கி நின்று தள்ளினால் எந்தக் கல் தாங்கும்? சரிந்த பாகத்தையும் தோண்டிக் காட்டினார். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் போட்டிருக்க வேண்டிய ஜல்லி ஒரு கூடைகூட இல்லை. ஜல்லி இல்லாவிட்டால் களிமண் நேராகப் பைப்புக்குள் வந்துவிடும். அது கட்டியவர் செய்த கோளாறு. ஆனால் பெரணிச் செடி ஒரு மாதத்தில் ஒரு சாண் வளராது. அப்படியானால் அந்த டிக்குகளைப் போட்டது யார்?

இன்றுவரை எனக்குப் பெயர் சொல்லவில்லை. கணக்கை மறைக்க மாட்டோம் என்ற கொள்கைக்கு ஒரு குறையும் இல்லை: சிமெண்ட் மூட்டை பில், மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மணல் லோடு வாடகை, மேஸ்திரி கூலி எல்லாம் நகலோடு வந்தது. பெயரைக் கேட்டால் மட்டும், "கூட்டத்துல பேசிட்டோம் சார், நடவடிக்கை எடுத்தாச்சு" என்கிறார்கள். எல்லாரும் ஓனர் என்றால் தப்பு பண்ணியவரும் ஓனர்தான். ஒரு ஓனரை இன்னொரு ஓனர் வாடிக்கையாளரிடம் காட்டிக்கொடுப்பாரா?

அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும். செலவில் பாதியை நான் சண்டை போடாமலே ஏற்றுக்கொண்டார்கள். ஜல்லி இல்லாதது முன்னவர் தப்பு, பைப் அடைத்தது எங்கள் தப்பு, ஆளுக்குப் பாதி என்று கடிதமே வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னை ஜீப்பில் கூட்டிப் போன அண்ணன் வழியில் நிதானமாகச் சொன்னார்: "உங்க சுவருக்கு இந்த வருஷம் என் பங்குலயும் போகுது சார். நானும் கை தூக்கினேன்." எந்தத் தரகர் ஆபீஸில் டிரைவருக்கு வாடிக்கையாளர் வீட்டுச் சுவர் கணக்கு தெரியும்? எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி, என் சுவர் விவகாரம் ஆபீஸ் முழுக்கத் தெரிந்திருக்கிறதே என்பதால் ஏறிவிட்டது.

ஊழியர் கம்பெனியில் இன்னொரு தொல்லையும் உண்டு, இது இவர்களுக்கு மட்டும் உரியது இல்லை. ஓய்வு பெறுகிறவரின் பங்கை டிரஸ்ட் திரும்ப வாங்கிக்கொண்டு அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். சில வருடம் முன்பு மூத்தவர்கள் இருவர் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றார்கள். அந்த வருடம் கையில் காசில்லை. புது ஆள் எடுக்கவில்லை, ஜீப்பை மாற்றவில்லை, என் வீட்டுப் பெயிண்ட் வேலை அடுத்த கோடைக்குப் போனது. லாபப் பங்கை நம்பும் ஊழியருக்கும் இதே கதிதான். ஆபீஸில் ஃப்ரேம் போட்ட தாளில் பெருமையாகப் போட்டிருக்கிற ஜான் லூயிஸே 2021-இல் போனஸ் தரவில்லை, 1953-க்குப் பிறகு முதல் தடவையாக. அந்த வரியைத் தாளில் சேர்க்கவில்லை.

நீலகிரிக்காரர்களுக்கு "நீதான் முதலாளி" என்ற பேச்சு புதிதில்லை. 1962-இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது, 1965-இல் அந்த மாதிரித் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இன்கோசர்வ். இலை கொடுக்கிற சிறு விவசாயிதான் அங்கே உறுப்பினர், தொழிற்சாலையில் அவருக்கும் பங்கு உண்டு. பச்சைத் தேயிலைக்கு விலை போதவில்லை என்று உண்ணாவிரதம் உட்காருவதும் அவர்தான். அங்கே சொந்தம் என்பது இலை கொடுக்கிறவருக்கு, வேலை செய்கிறவருக்கு இல்லை. அதனால் இரண்டும் ஒன்றாகாது. வேலை செய்கிறவர்களே சொந்தமாக நடத்துவதற்கு 1957-இல் தொழிலாளர் கூட்டுறவாக மாறிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து வடகரையில் 1925-இல் சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் வழிகாட்டுதலில் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் சங்கம் இருக்கிறது, இன்றைக்கும் சாலையும் பாலமும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நூறு வருடம் நடத்த முடிகிறது என்றால், ஒரு பைப்பில் கம்பி விட்டுக் குத்த ஒரு ஆளை அனுப்புவது முடியாத காரியமா?

நண்பருக்கு என் பதில்: கொடுக்காதே. நிலம் வாங்க, பத்திரம் பார்க்க அவர்களைவிட நல்ல ஆள் இந்த மலையில் எனக்குத் தெரியாது, அதற்குப் போ. வீட்டைப் பார்த்துக்கொள்ள, திட்டினால் பதில் சொல்கிற ஒரு தனி மனிதரைப் பிடி.

நான் மட்டும் இந்த வருடமும் அவர்களிடமே புதுப்பித்துவிட்டேன். டிக்குக்குப் பதிலாக, பைப்பில் கம்பி விட்ட படம் தேதியோடு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்தேன், மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் மட்டும் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் சைட் பார்ப்பவரே செலவை முடிவு செய்யட்டும் என்றும் எழுதிக் கேட்டேன். நல்ல யோசனை சார் என்றார் அக்கா. அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் வைக்கிறார்களாம்.