ஒரு பொய்கூடச் சொல்லாமல் என்னை ஏமாற்றிய தங்கக் குன்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கொடுத்த ரிப்போர்ட்டில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் புகார் கொடுக்கவும் வழியில்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தங்கமும் வெள்ளியும் கிடைக்கும் சின்னக் குன்று, பங்கு போடலாம் என்று யாராவது உங்களை அழைத்தால், கையெழுத்துப் போடுமுன் படித்துவிடுங்கள்.

எல்லாம் ஒரு கல்லில் ஆரம்பித்தது. உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் அறுத்து மெருகேற்றிய குவார்ட்ஸ். அறுத்த மரத்தில் வளையம் தெரிவதுபோல் வெள்ளையும் சாம்பலுமாக வரிகள்; ஒரே ஒரு வரி மட்டும் கரிக்கோடாகக் கறுப்பு. பங்கு விற்க வந்தவர் லென்ஸை நீட்டி, "அந்தக் கறுப்புலதான் சார் தங்கமும் வெள்ளியும் இருக்கு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டினேன். டன்னுக்கு 48 கிராம் தங்கம் என்று ஆய்வகச் சான்றிதழும் இருந்தது.

சான்றிதழ் உண்மை. ஆனால் அது அந்தக் கல்லுக்கான சான்றிதழ், குன்றுக்கானது அல்ல. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தங்கத்திடம் செல்லாது. பொன் துகள் ஓரிடத்தில் குவிந்திருக்கும், அடுத்த சாண் வெறும் பாறை. பாறைப் பிளவில் தாது நிரம்பி ஓடுவதைத்தான் நரம்பு என்கிறார்கள். அந்த நரம்பின் குறுக்கே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, ஒரே ஆழத்தில் செதுக்கி விழுந்த அத்தனையையும் அனுப்பினால்தான் அது சாம்பிள். இவர்கள் அழகான ஆறு கற்களைப் பொறுக்கி அனுப்பியிருந்தார்கள்.

அடுத்து போர் போட்ட கணக்கு. முதல் துளையில் "30 மீட்டருக்குச் சராசரி 2 கிராம்". டன்னுக்கு 2 கிராம் என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு வருடம் கழித்து, நானே பணம் கொடுத்துக் கூட்டிப்போன வெளி ஜியாலஜிஸ்ட் பின்னிணைப்பைப் புரட்டிக் காட்டினார்: அதில் ஒரே ஒரு மீட்டர் மட்டும் 55 கிராம். முப்பதை இரண்டால் பெருக்கினால் மொத்தம் 60. அதில் அந்த 55 போனால், மிச்ச 29 மீட்டருக்கும் சேர்த்து 5. சராசரி 0.17 கிராம்தான் நிற்கிறது. ஒரு மீட்டர் நரம்பை வெண்ணெய் தடவுவதுபோல் 30 மீட்டருக்கு இழுத்துத் தடவியிருக்கிறார்கள்.

இரண்டாம் துளை இதைவிடக் கெட்டிக்காரத்தனம். 20 மீட்டருக்கு 4 கிராம், அதுவும் ஒரே சீராக. அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை, கோணத்தைப் பார்த்தார். நரம்பு கிழக்கே 70 டிகிரி சாய்ந்து இறங்குகிறது. துளையும் கிழக்கே 65 டிகிரியில். ஐந்தே டிகிரி வித்தியாசம். நரம்பைக் குறுக்கே வெட்டாமல் அதன் கூடவே இறங்கியிருக்கிறார்கள். நரம்பின் உண்மையான அகலம் 1.7 மீட்டர்தான். பலகையின் தடிமனைக் கேட்டால் நீளத்தை அளந்து சொன்ன கதை.

வெள்ளியிலும் ஒரு வேலை. வெள்ளியையும் விலைக் கணக்கில் தங்கமாக மாற்றிக் கூட்டிச் சொல்வதுதான் தங்கச் சமானம். "தங்கச் சமானம் 3 கிராம்" என்ற எண்ணில் நிஜத் தங்கம் 1 கிராம். மிச்சம் 2 கிராம், 160 கிராம் வெள்ளியை 80-ஆல் வகுத்தது. வெள்ளி இருப்பது நிஜம்தான். ஆனால் அதில் பெரும்பங்கு கறுப்பான மாங்கனீசு ஆக்சைடுக்குள் சிக்கியிருந்தது. ஆலையில் தங்கத்தையும் வெள்ளியையும் சயனைடில் கரைத்துத்தான் பிரிப்பார்கள்; அந்த மாதிரி வெள்ளியைச் சயனைடு சரியாகக் கரைக்காது. ஆலையில் கைக்கு வராத வெள்ளியையும் சேர்த்துத்தான் சமானம் போட்டிருந்தார்கள்.

"ஆழம் போகப் போகக் கூடும் சார்" என்று பங்கு விற்றவர் சொன்னதைத்தான் நான் அதிகம் நம்பினேன். இந்த வகை நரம்பில் நடப்பது வேறு. கீழிருந்து ஏறும் வெந்நீர், அழுத்தம் குறையும் மட்டத்தில் கொதிக்கும்போதுதான் தங்கத்தை விடுகிறது. பெரும்பாலும் அந்தப் பட்டை சில நூறு மீட்டர் உயரம்தான். அதற்குக் கீழே ஈயமும் துத்தநாகமும், இல்லாவிட்டால் வெறும் குவார்ட்ஸ். எங்கள் குன்றின் மேல்பகுதி ஏற்கனவே மழையில் அரித்துப் போய்விட்டது. நாங்கள் நின்றதே அந்தப் பட்டையின் அடிவாரத்தில் என்பது ஜியாலஜிஸ்டின் கணிப்பு.

பணம் முழுவதும் கட்டுமுன் ஒரு தடவை பயந்துபோய், பிரெ-எக்ஸ் என்ற கனடா சுரங்க நிறுவனத்தைப் பற்றி விற்றவரிடம் கேட்டேன். இந்தோனேசியாவின் புசாங்கில் நொறுக்கிய கோரில் (துளையிலிருந்து உருளையாக எடுக்கும் கல்) ஆற்றுப் பொன்னைக் கலந்து உலகத்தையே ஏமாற்றி, 1997-இல் வெடித்த விவகாரம். அங்கே கோரைப் பாதியாக அறுத்து ஒரு பாதியைப் பத்திரப்படுத்தாமல், மொத்தமாக நொறுக்கிவிட்டார்கள். விற்றவர் சிரித்துக்கொண்டே கொட்டகையைத் திறந்து, பாதி பாதியாக அடுக்கிய பெட்டிகளைக் காட்டினார். எண் போட்டு, ஆழம் எழுதி, அவ்வளவு சுத்தம். அன்றுதான் மீதிப் பணத்தையும் கட்டினேன்.

ஒப்பந்தப்படி அது திரும்பி வராது. விட்டுவிட்டேன்.

நீங்கள் போனால் சுருக்க அறிக்கையை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு மீட்டருக்குமான அட்டவணையைக் கேளுங்கள். துளையின் கோணமும் நரம்பின் சாய்வும் ஒரே படத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் தனித்தனிப் பத்தி கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதே குன்றுக்கு வேறு பெயர் வைத்து மறுபடியும் பங்கு விற்கிறார்களாம். போன வாரம் ஒருவர் படம் அனுப்பிக் கேட்டார். அதே கல். வலது மூலையில் சின்னதாக ஒரு சில்லு போயிருக்கும். லென்ஸ் வாங்கும் பதற்றத்தில் நான் கைதவறிக் கீழே போட்டது.