மூன்று பவுண்டு வெள்ளீயம் என்று நம்பி வாங்கிய பெட்டி

துப்பாக்கிக் குண்டு வார்ப்பதற்காக இணைய ஏலத்தில் 5 பவுண்டு பழைய சால்டர் (உலோகத் துண்டுகளைப் பற்றவைக்கும் வெள்ளீய, காரீயக் கலவை) வாங்கினேன். தபால் செலவோடு 45 டாலர். "பெரும்பாலும் 60/40" என்று விற்றவர் போட்டிருந்தார், அதாவது 60 சதவீதம் வெள்ளீயம், 40 சதவீதம் காரீயம். எல்லாவற்றையும் உருக்கி, நிறுத்துப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம், அதுவும் உள்ளே இருந்த இரண்டு உருளைகளுக்காக.

நான் இருப்பது டெக்சாஸில். வாரக் கடைசியில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் .38 ஸ்பெஷல் ரிவால்வர் சுடுவேன், அதற்கான 158 கிரெயின் (10 கிராம் அளவு) குண்டுகளை நானே வார்த்துக்கொள்வேன். காரீயத்துக்குப் பஞ்சமில்லை, ரேஞ்சின் மண்மேட்டில் அனுமதியோடு பொறுக்கிய பழைய குண்டுகளே வருஷத்துக்குப் போதும். ஆனால் அதை மட்டும் உருக்கி ஊற்றினால் அச்சின் மூலைமுடுக்குக்கெல்லாம் போய்ச் சேராது, குண்டைச் சுற்றியுள்ள வளையங்கள் மழுங்கி, அங்கங்கே சுருங்கி வரும். கொஞ்சம் வெள்ளீயம் சேர்ந்தால் உருகிய உலோகம் இளகி ஓடி அச்சை முழுசாக நிரப்புகிறது. 2 சதவீதமே போதும். புதிதாக வார்ப்பவர்கள் கெட்டியாக வரட்டும் என்று வெள்ளீயத்தை அள்ளிக் கொட்டுவார்கள், அது வீண் செலவு, கெட்டித்தன்மை பெரும்பாலும் ஆன்டிமனி என்ற வேறொரு தனிமத்திலிருந்து வருவது.

வெள்ளீயம் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை. அதனால்தான் எல்லோரும் பழைய சால்டரைத் தேடுகிறார்கள். குடிநீர்க் குழாய்களில் காரீய சால்டர் வைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1986இல் சட்டம் வந்தது, அப்போது பிளம்பர்களின் கராஜில் தங்கிப்போன 50/50 உருளைகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. எண்களில் முதலாவது வெள்ளீயம். 60/40 உருளையில் மூன்றில் ஒரு பவுண்டு (150 கிராம் அளவு) எடுத்துக் காரீயத்தோடு சேர்த்து மொத்தம் 10 பவுண்டு ஆக்கினால் சரியாக 2 சதவீதம் வந்துவிடும். கணக்கு அவ்வளவுதான்.

இப்போது பெட்டிக்கு வருவோம். இரண்டு ஒரு பவுண்டு உருளைகள், முத்திரையோடு 60/40, உள்ளே ரோசின் (பைன் மரப் பிசின்) உள்ள கம்பி. அருமை. உருக்கும்போது அந்த ரோசினே கசடை மேலே கொண்டுவந்துவிடுகிறது, தனியாக மெழுகு போட வேண்டிய வேலை மிச்சம். புகை வரும், வெளியில் வைத்துத்தான் உருக்க வேண்டும். அடுத்து ஒரு பவுண்டுப் பாளம், 50/50 என்று அச்சு குத்தியது. அதிலும் குறை இல்லை.

மீதி 2 பவுண்டுதான் வயிற்றெரிச்சல். பெயரும் இல்லை, எண்ணும் இல்லை, கறுத்துப் போன கட்டிகள், நடுவில் செப்புக் கம்பித் துண்டுகள். ரேடியேட்டர் பழுது பார்க்கும் இடத்தில் சொட்டி உறைந்ததைச் சுரண்டி எடுத்தது போல இருந்தது. அந்த வேலைக்கு வெள்ளீயம் குறைந்த சால்டரைத்தான் எடுப்பார்கள், அதனால் சந்தேகம் வந்தது. உருக்கி, செம்பையும் கசடையும் வழித்தெடுத்து, 500 கிராம் பாளமாக ஊற்றி, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தேன். 51 கிராம் குறைந்தது, அப்படியென்றால் அடர்த்தி 9.8. காரீயம் 11.34, வெள்ளீயம் 7.29. கணக்குப் போட்டால் வெள்ளீயம் 28 சதவீதம்தான் வருகிறது. நல்ல 60/40 என்றால் 8.5 பக்கத்தில் நிற்க வேண்டும். சமையலறைத் தராசும் ஒரு டப்பா தண்ணீரும் போதும், யாரும் செய்து பார்க்கலாம். ஆனால் அந்தத் தராசு திரும்பச் சமையலறைக்குள் போகக் கூடாது!

ஆக மூன்று பவுண்டு வெள்ளீயம் வரும், பவுண்டு 15 டாலருக்குத் தகையும் என்று நினைத்தேன். வந்தது ஏறக்குறைய 2.26 பவுண்டு, அதாவது பவுண்டு 20 டாலர். கொள்ளை என்று சொல்ல மாட்டேன், ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்கு 5 பவுண்டில் 2 பவுண்டு என்று யாரும் அர்த்தம் சொல்ல மாட்டார்கள். விற்றவருக்கு எழுதினேன், "பழைய சாமான் என்றால் அப்படித்தான்" என்று பதில் வந்தது.

வாங்க நினைப்பவர்களுக்கு: படத்தில் எண் தெரியாத உருளையைத் தொடாதீர்கள். ஆசிட் உள்ள கம்பி மலிவாகக் கிடைக்கும், அதில் பெரும்பாலும் துத்தநாகக் குளோரைடு இருக்கும், இரும்புப் பாத்திரத்தையும் அச்சையும் துரு பிடிக்க வைக்கும். 95/5 என்றால் பெரும்பாலும் காரீயமே இல்லாதது, மிச்ச 5 ஆன்டிமனியாக இருக்கலாம், நமக்கு அது லாபம்தான். பழைய கம்ப்யூட்டர் போர்டுகளிலிருந்து சால்டரை உருக்கி எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு நாள் முழுக்க மினக்கெட்டேன், உள்ளங்கையில் கொஞ்சம் கிடைத்தது, தலைவலி நிறையக் கிடைத்தது. அப்புறம், ஈரத்தோடு எந்தத் துண்டையும் உருகிய ஈயத்தில் போடாதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் நீராவியாக வெடித்து மொத்தத்தையும் முகத்தில் அடித்துவிடும்.

போனில் அம்மாவிடம் வெள்ளீயம் வாங்கினேன் என்று சொன்னதும், "ரசச் சொம்புக்காடா? மிச்சம் இருந்தா நம்ம பித்தளைப் பாத்திரத்துக்கும் ஈயம் பூசிடலாமே" என்றார். இதில் பாதிக்குப் பாதி காரீயம் அம்மா, அடுப்படிப் பக்கமே வரக் கூடாது என்று விளக்க அரை மணி நேரம் ஆனது.

60/40 உருளையில் வார்த்த குண்டுகள் மூன்றாவது ஊற்றிலிருந்தே பளபளவென்று, கூர்மையான விளிம்போடு விழுந்தன. அந்தக் கட்டிகளையும் தூக்கிப் போடவில்லை, பாளமாக ஊற்றி மேலே மார்க்கரால் "28" என்று எழுதி அலமாரியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன்.