வெண்கார மணியும் பாஸ்பேட் மணியும்

பிளாட்டினக் கம்பியின் முனையைச் சிறு வளையமாக்கிப் பழுக்கக் காய்ச்சி, வெண்காரப் பொடியில் தொட்டுச் சுடரில் காட்டுங்கள். பொடி பொரி போல உப்பும். நீர் போனதும் சுருங்கித் தெளிந்த மணியாகும். பொற்கொல்லர் பட்டறையில் பற்ற வைத்த நகையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பளபளப்பும் இதே போரேட் கண்ணாடிதான் (போரேட் என்பது போரானும் ஆக்சிஜனும் சேர்ந்தது; வெண்காரமும் அந்த வகை).

அடுத்த கம்பியில் மைக்ரோகாஸ்மிக் உப்பு, அதாவது சோடியம் அம்மோனியம் பாஸ்பேட். அம்மோனியாவும் நீரும் வெளியேறி, சோடியம் மெட்டாபாஸ்பேட் மிஞ்சும். இந்த மணி இளக்கமானது. கொஞ்சம் அசந்தால் துளியாகக் கீழே விழும். கோபால்ட் உப்பைத் துளி தொட்டால் இரண்டும் நீலமாகும். மணல் துகளைச் சேர்த்தால் பாஸ்பேட் மணி பிடிவாதம் பிடிக்கும்: சிலிக்கா அதில் கரையாமல் கூடு போல மிதக்கும்.

வேறுபாடு அணு அடுக்கிலேயே தொடங்குகிறது. போரான் மூன்று ஆக்சிஜனோடு தட்டை முக்கோணமாக நிற்கும். பாஸ்பரஸுக்கு நான்கு ஆக்சிஜன்; அவற்றில் ஒன்று இரட்டைப் பிணைப்பில் ஒதுங்கிவிடுவதால், அண்டை அணுக்களோடு கைகோக்க மூன்றுதான் மிச்சம். இனி சோடா சேர்ப்போம். அணுக்கள் இப்படிக் கைகோத்து நிற்பதுதான் கண்ணாடியின் வலை; சோடா அதை அறுக்கும் என்பது பொது விதி. பாஸ்பேட் அதற்குப் பணிகிறது. சோடியமும் பாஸ்பரஸும் சரிக்குச் சரியாகும் மெட்டாபாஸ்பேட் அளவில் வலை வெறும் சங்கிலிகளாகிவிடும். போரேட்டோ, ஓரளவு வரை, சோடாவோடு வந்த ஆக்சிஜனை நான்காவது கையாகப் பிடித்து வலையை இறுக்கிக்கொள்ளும். எனக்கு இதைவிடச் சுவையான செய்தி இந்த வேதியியலில் இல்லை.

படிகமாவதிலும் இதே முரண். தூய போரான் ஆக்சைடு சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகும். அந்த வெப்பத்திலேயே உருகல் மிகக் கெட்டியாக இருப்பதால், சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு மெதுவாக ஆறவிட்டாலும் படிகமாகாது. அழுத்தம் கொடுத்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். சோடியம் மெட்டாபாஸ்பேட் உருகலை நிதானமாக ஆறவிட்டால் படிகமாகிவிடும்; கண்ணாடி வேண்டுமென்றால் உலோகத் தட்டில் ஊற்றிச் சட்டென்று குளிர்விக்க வேண்டும். ஆனால் போரேட் எல்லாமே சாது என்று நம்பிவிடாதீர்கள். எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வுக்கு வார்க்கும் லித்தியம் டெட்ராபோரேட் வில்லைகள் ஆறும்போது படிகமாகி விரிசல் விடுவதுண்டு.

உலையடியில் போரேட்டுக்கு போரிக் அமிலமே போதும். தொல்லை என்றால், கெட்டியான உருகலில் சிக்கும் குமிழிகள்தான். பாஸ்பரஸ் பென்டாக்சைடை எடை போடுவதற்குள் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், சூடாக்கினால் ஆவியாகும். எனவே அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டிலிருந்து தொடங்குவார்கள். அவசரப்பட்டால் நுரைத்து வழியும். அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். அலுமினா மூசையையும் (உருக்கும் கிண்ணத்தையும்) உருகல் கரைத்துத் தின்னும். அதில் ஒரு நன்மையும் உண்டு: கரைந்த அலுமினா கண்ணாடியின் நீர்த் தாங்குதிறனைக் கூட்டும்.

இவ்வளவு அடத்தையும் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களின் அயனிகளை பாஸ்பேட் தாராளமாக ஏற்கும். அமெரிக்காவின் லிவர்மோரில் உள்ள தேசிய எரியூட்டு மையம் என்ற அணுக்கரு இணைவு ஆய்வகத்தின் லேசரில் நியோடிமியம் கலந்த 3,072 பாஸ்பேட் கண்ணாடிப் பலகைகள் உள்ளன. அங்கே ஈரம்தான் முதல் எதிரி: ஈரத்திலிருந்து வந்து கண்ணாடிக்குள் தங்கிய ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை), நியோடிமியத்தின் ஒளியைத் தணித்துவிடும்.

புதிதாக இறங்குபவர்கள் போரேட்டில் கை பழகட்டும், ஒளியியலுக்கு பாஸ்பேட். இரண்டு மணிகளையும் திறந்த தட்டில் விட்டுவிடாதீர்கள். ஈரக்காற்றில் பளபளப்பு மங்கிவிடும்; சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.