மழைக்காலக் கடல் டிரையத்லானுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மழைக்காலத்தில் நடக்கும் டிரையத்லான் எதற்காவது பெயர் கொடுக்க நினைத்தால், இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கடந்த பருவமழைக் காலத்தில் அப்படி ஒன்றில் கலந்துகொண்டேன். ஒலிம்பிக் தூரம்: கடலில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். என் புகார் நிலுவையில் இருப்பதால் நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை.

முந்தைய நாளே வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் இருந்தது. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை மையம் சொல்லிவிட்டது. நாங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டதற்கு, "போட்டி திட்டமிட்டபடி நடக்கும், மன உறுதியோடு வாருங்கள்" என்று பதில் வந்தது. நீச்சலைச் சுருக்குவீர்களா, யார் முடிவு செய்வார்கள் என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பதிலே இல்லை.

விடியற்காலையில் கரையில் ஃபைபர் படகுகள் எல்லாம் மேட்டில் ஏற்றிக் கிடந்தன. அங்கிருந்த மீனவர் ஒருவர், "தம்பி, நாங்களே இன்னைக்கு வலை எடுக்கல, நீங்க எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார். வாடைக்காற்று பலமாக இருந்தது. இந்தப் பருவத்தில் நம் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக இழுக்கும். திரும்ப வேண்டிய இடத்தைக் காட்டும் ஆரஞ்சு மிதவை, நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெற்கே நகர்ந்து போனது. நங்கூரம் சரியாகப் போடவில்லை. விளம்பரத்தில் சொன்ன பாதுகாப்புக் கயாக்குகளால் (துடுப்புப் போடும் சிறு படகுகள்) அலை உடையும் இடத்தைத் தாண்டவே முடியவில்லை. ஒன்று கவிழ்ந்து கரைக்குத் திரும்பியது.

இருந்தும் விசில் ஊதினார்கள்.

முதல் அணி உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஆட்கள் சிதறிவிட்டார்கள். மிதவை போன பக்கமே நீந்தியவர்கள் தெற்கே வெகுதூரம் தள்ளிப் போனார்கள். சிலர் கையை உயர்த்தி உதவி கேட்டார்கள், பக்கத்தில் படகு இல்லை. கடைசியில் அந்த மீனவர்கள்தான் படகைத் தள்ளிக்கொண்டு போய் ஆட்களை ஏற்றி வந்தார்கள். அவர்களை யாரும் ஏற்பாடு செய்யவில்லை, ஒரு பைசா கொடுக்கவும் இல்லை. பொங்கி வந்த அலையில் தங்கள் உயிரைப் பணயம் வைத்து வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நான் வாழ்நாள் கடன்பட்டிருக்கிறேன், ஏனென்றால் படகில் ஏற்றப்பட்டவர்களில் என் நண்பனும் ஒருவன்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதற்கு அடுத்து நடந்ததில்தான். தண்ணீருக்குள் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. காலில் கட்டிய சிப்பை வைத்து நேரம் பதியும் விரிப்பு ஒரே வழியில் கிடந்தது. படகில் வந்தவர்கள் வேறு பக்கம் இறங்கினார்கள், அவர்கள் பெயர் பதிவாகவே இல்லை. "நான் வந்துவிட்டேன்" என்று ஒவ்வொருவரும் தாங்களே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. என் நண்பனின் மனைவி கடலைப் பார்த்து நின்ற நேரத்தில், அவன் எங்கே என்று சொல்ல மைக் பிடித்தவருக்கும் தெரியவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த விளையாட்டில் ஆபத்து அதிகம் நீச்சலில்தான். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான்களை ஆராய்ந்தவர்கள், இறந்தவர்களும் இதயத்துடிப்பு நின்று காப்பாற்றப்பட்டவர்களுமாக 135 பேரைக் கணக்கெடுத்தார்கள். அதில் 90 பேருக்கு அது நீச்சலின்போது நடந்தது. 2023 ஆகஸ்டில் அயர்லாந்தின் யால் (Youghal) நகரில், புயலால் ஒரு நாள் தள்ளிவைத்து நடத்திய போட்டியில் இருவர் நீச்சலில் இறந்தார்கள். அந்தப் போட்டிக்கு அங்கீகாரம் தர முடியாது என்று தங்கள் அதிகாரிகள் சொன்னதாக அந்நாட்டு டிரையத்லான் சங்கம் பின்னர் அறிவித்தது. உலக டிரையத்லான் அமைப்பின் விதிகளிலேயே நீச்சலைச் சுருக்கவோ, அடியோடு நீக்கி ஓட்டம், சைக்கிள், ஓட்டம் என்று டூயத்லானாக மாற்றவோ இடம் இருக்கிறது. காலையில் ஒரே ஓர் அறிவிப்பு போதும். மணலில் ஓட விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம்.

மற்ற அணிகளை நிறுத்திவிட்டு எல்லோரையும் சைக்கிளுக்கு அனுப்பினார்கள். மழையில், பக்கவாட்டுக் காற்றில், பேருந்துகளுக்கு நடுவே ஓட்டினோம். திரும்பும் இடத்தில் போலீஸும் இல்லை, தன்னார்வலரும் இல்லை. வழுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்த ஒருவரை ஆட்டோவில்தான் கொண்டுபோனார்கள். நான் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் பணம். கட்டணத்தில் காப்பீடும் சேர்த்தி என்று பதிவுப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். எலும்பு முறிந்தவருக்காகப் பாலிசி எண் கேட்டோம். முதலில் "அனுப்புகிறோம்", பிறகு "அலுவலகத்தில் கேளுங்கள்", பிறகு பதிலே கிடையாது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றார்கள். மழைக்கு அவர்கள் பொறுப்பில்லை, சரி. நங்கூரம் இல்லாத மிதவைக்கும் வராத ஆம்புலன்ஸுக்கும் யார் பொறுப்பு?

நீங்கள் பணம் கட்டும் முன் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்: நீச்சலை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு, அலை கடந்து போகக்கூடிய மோட்டார் படகுகள் எத்தனை, உள்ளே போனவர்களையும் வெளியே வந்தவர்களையும் எப்படி எண்ணுவீர்கள், காப்பீட்டுப் பாலிசியின் நகல் எங்கே. மழுப்பினால் பெயர் கொடுக்காதீர்கள். அன்றைய காலையில் கடல் நிலையைக் கணித்துச் சொல்லும், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) மையத்தின் அலை எச்சரிக்கையையும் பாருங்கள்.

என்னோடு அன்று கடலில் இருந்தவர்களுக்கு: கட்டண ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், படங்கள் எதையும் அழித்துவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணமே கிடையாது. தனித்தனியாகப் போடுங்கள், என் மனுவோடு சேர்த்து விசாரிக்கும்படி கேட்கலாம்.