அசல் முடி விக்: எல்லாம் சரி, அந்தப் பிடரிச் சிக்கு மட்டும்

தோழி ஒருத்தி கேட்டாள், "அசல் முடி விக் வாங்கலாம்னு இருக்கேன்டி, வீட்டுலயே பராமரிச்சுட முடியுமா?" போனில் சொல்லி மாளாது என்பதால் இங்கே எழுதுகிறேன். என்னுடையது முன்பக்கம் லேஸ் (நெற்றியோரம் வரும் மெல்லிய வலைத்துணி) வைத்த, தோளுக்குக் கீழே இறங்கும் நீள விக். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தினமும் போடுகிறேன்.

பார்வைக்குக் குறையே சொல்ல முடியாது. வகிடு வகிடாகவே தெரிகிறது, காதோரம் ஒதுக்கினால் அங்கேயே நிற்கிறது. காற்றில் அசையும் விதம் செயற்கை இழையில் வரவே வராது.

ஆனால் பிடரி! சட்டைக் காலர் உரசும் அந்த நாலு விரல் அகலத்தில், மாலையில் கழற்றும்போது அடிமுடி மொத்தமும் கெட்டியாகத் திரண்டு கிடக்கும், விரல் நுழையாது. மேலே பளபளப்பு, அடியில் இந்தக் கோலம்.

காரணம் இருக்கிறது. தலையில் முளைத்த முடிக்குத் தோலிலிருந்து எண்ணெய்ப் பசை ஊறிக்கொண்டே இருக்கும், விக்குக்கு அது கிடையாது, காய்ந்துகொண்டே போகும். அப்புறம், ஒவ்வொரு முடியின் மேலும் மீன் செதில் மாதிரி நுண்ணிய அடுக்கு வேரிலிருந்து நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். அத்தனை முடியும் ஒரே திசையில் இருந்தால்தான் ரெமி. வேரும் நுனியும் மாறி மாறிக் கிடந்தால் செதிலோடு செதில் மாட்டிக்கொள்ளும். அதை மறைக்க, அமிலத்தில் செதிலை நீக்கிவிட்டு சிலிக்கான் பூசி விற்பதும் உண்டு, சில அலசலிலேயே பூச்சு போய்விடும். எனக்கு விற்றவர் ரெமி என்று அடித்துச் சொன்னார். முதலில் பட்டுப் போல இருந்தது, அலச அலசத்தான் வண்டவாளம் தெரிந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நியாயமாகச் சொன்னால் நல்ல ரெமியிலும் பிடரியில் சிக்கு விழத்தான் செய்யும், உரசல் அங்கேதானே. ஆனால் இந்த அளவுக்கு விழாது.

சிக்கெடுக்கும்போது அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். சிக்குக்கு மேலே முடியை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வது முக்கியம், இல்லாவிட்டால் இழுவை முழுக்க, விக்கின் அடி வலையில் முடியைக் கட்டிப் போட்டிருக்கும் முடிச்சுக்குப் போகும். அங்கே கழன்ற முடி கழன்றதுதான், திரும்ப முளைக்கப் போவதில்லை. கண்டிஷனரையும் நடுவிலிருந்து நுனிவரை மட்டும் தடவுங்கள், வலைப்பக்கம் பட்டால் முடிச்சு வழுக்கி அவிழும்.

அலசுவது பத்துப் பதினைந்து தடவை போட்ட பிறகு ஒருமுறை போதும். சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், மேலிருந்து கீழே ஓடவிட வேண்டும், கசக்கவே கூடாது. துண்டில் ஒற்றி ஸ்டாண்டில் மாட்டிவிட்டால் ராத்திரியில் காய்ந்துவிடும். கெட்டி எண்ணெய் மட்டும் வேண்டாம், தூசியை இழுத்துப் பிசுபிசுத்துப் போகும், நுனிக்கு ஒரு சொட்டு சீரம் போதும். வெயிலில் நிறம் செம்பட்டை பாய்வதையும் தடுக்க முடியவில்லை.

நான் எதிர்பார்க்காத நல்லது ஒன்று உண்டு. சிக்கெடுத்து நன்றாகக் காய்ந்த பிடரி முடியில், வெப்பத்திலிருந்து காக்கும் ஸ்பிரே அடித்து, 160 டிகிரி செல்சியஸில் ஸ்ட்ரெய்ட்னரை ஒரே ஒருமுறை மெதுவாக இழுத்தால், சிலிர்த்து நின்ற முடி அப்படியே படிந்துவிடுகிறது. அந்த நிமிஷம் இந்த விக்கின் மேல் வரும் பிரியம் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாள் சாயந்திரம் பழையபடி சிக்கு.

ஆக, தோழிக்கு என் பதில்: வாங்காதே. தினமும் சீப்போடு உட்காரப் பொறுமை இருந்தால் ஒழிய, செயற்கை இழையே மேல். அலசி உதறினால் பழைய வடிவத்துக்கே வந்துவிடும், சீக்கிரம் நைந்தாலும் பரவாயில்லை. நான் அடுத்ததும் அசல் முடிதான் வாங்குவேன், அது வேறு விஷயம், ஆனால் காலரைத் தொடாத குட்டை நீளத்தில். நீயும் வாங்கியே தீருவேன் என்றால், ஒரு முடியைப் பிடித்து நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக உருவிப் பார். லேசாகச் சொரசொரத்தால் செதில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே வழவழப்பு என்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வா.